டைம்கோட் இடத்தைச் சொல்லும், வேகத்தைப் பிடித்து வைக்காது

இரண்டரை மணி நேரக் கச்சேரி. மேடை ஓரத்தில் லேப்டாப்பில் மல்டிட்ராக் ரெக்கார்டிங், அரங்கில் மூன்று கேமரா. எடிட்டில் உட்கார்ந்து பார்த்தால் வர்ணத்தில் உதடும் குரலும் அச்சாகப் பொருந்துகின்றன. தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கத்தில் கை விழுந்த பிறகுதான் சொல் கேட்கிறது. மங்களத்துக்கு வந்தால் பார்க்கவே சகிக்கவில்லை. "டைம்கோட் போட்டுத்தானே எடுத்தோம்?" என்று ஒரு குரல் எழும். போட்டிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் டைம்கோட், அதாவது படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு நேர எண்ணைக் கொடுக்கும் சிக்னல், செய்கிற வேலை வேறு, அவர்கள் அதனிடம் எதிர்பார்த்த வேலை வேறு.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை வெளியிலுள்ள ஒரு கருவியோடு சிங்க் செய்வதில் இரண்டு கேள்விகள் உண்டு. இப்போது எங்கே இருக்கிறோம் என்பது ஒன்று. எந்த வேகத்தில் போகிறோம் என்பது மற்றொன்று. பாட்டில் எடுப்பும் காலப்பிரமாணமும் எப்படியோ அப்படி: எடுப்பைச் சரியாகப் பிடித்துவிட்டால் மட்டும் போதாது, ஓடிவிட்டால் அடுத்த ஆவர்த்தனத்திலேயே தெரிந்துவிடும். டைம்கோட் முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவதுக்குப் பதில் வேர்ட் கிளாக், அதாவது ஒலியை எண்களாக வெட்டும் வேகத்தைக் கட்டிவைக்கும் மின்துடிப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஸ்டுடியோக்களில் பாதி சிங்க் தகராறு வருகிறது என்பது என் எண்ணம்.

இந்தப் பிரிவு டிஜிட்டல் காலத்தில் முளைத்ததல்ல. படப்பிடிப்புத் தளங்களில் நாக்ரா டேப் ரெக்கார்டர் கோலோச்சிய 1960-களில், கேமரா மோட்டாரிலிருந்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்று வயர் வழியே ரெக்கார்டருக்குப் போகும். பைலட் டோன் என்று பெயர். கால் அங்குல டேப்பில் துளைகள் கிடையாது, அது இழுபடும், வழுக்கும். பின்னால் அதைத் துளைகள் உள்ள மேக்னடிக் ஃபிலிமுக்கு மாற்றும்போது, அந்த டோனை அளவுகோலாக வைத்து டேப்பின் வேகத்தைத் திருத்துவார்கள். ஆக, பைலட் டோன் வேகத்தை மட்டும் சொன்னது. எந்த இடம் என்பதைச் சொன்னது கிளாப் பலகை. பிறகு கேமராவிலும் ரெக்கார்டரிலும் தனித்தனியே துல்லியமான கிரிஸ்டல் (சீராகத் துடித்து வேகத்தைக் காக்கும் துண்டு) வந்ததும் இடையிலிருந்த வயர் போயிற்று, கிளாப் மட்டும் மிஞ்சியது.

டைம்கோட் பிறந்தது வீடியோ எடிட்டிங்கின் தேவையில். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஃப்ரேம் தெரியும், விளிம்பில் எண்கூட இருக்கும். வீடியோ டேப்பில் ஒன்றும் தெரியாது. கலிபோர்னியாவின் ஈகோ நிறுவனம் 1967-இல் டேப்பின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு முகவரி எழுதும் முறையைக் கொண்டுவந்தது. வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு முறைகளை வைத்துக்கொண்டு திண்டாடிய பிறகு, 1970-களில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் எஸ்எம்பிடிஈ அமைப்பு பொதுத் தரம் ஒன்றை நிறுவியது. மணி, நிமிடம், செகண்ட், ஃப்ரேம் என்று நான்கு ஜோடி எண்களாக நாம் இன்றும் பார்ப்பது அதைத்தான்.

ஒரு ஃப்ரேமுக்குள் 80 பிட்

அந்த முகவரியை ஆடியோ சிக்னலாக எழுதும் வடிவம் எல்டிசி (லீனியர் டைம்கோட்). ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டால் அன்று முழுக்கக் காது கரகரக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வேலைப்பாடு அழகானது.

ஒரு ஃப்ரேமுக்கு 80 பிட். அதில் 26 பிட் நேரத்துக்கு, 32 பிட் பயனர் தேவைக்கு (தேதி, ரீல் எண் போன்றவை), 6 பிட் கொடிகளுக்கு, கடைசி 16 பிட் சிங்க் வார்த்தைக்கு. செகண்டுக்கு 25 ஃப்ரேம் என்றால் 2000 பிட். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் சிக்னல் ஒருமுறை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ புரளும். பிட் 1 என்றால் நடுவிலும் ஒருமுறை புரளும், 0 என்றால் புரளாது. அதனால் காதுக்கு 1000 ஹெர்ட்ஸும் 2000 ஹெர்ட்ஸும் மாறி மாறி வருவது போலக் கேட்கிறது. மேலா கீழா என்பதற்கு அர்த்தமே இல்லை, புரண்டதா என்பதுதான் கணக்கு. எனவே கேபிளில் ஹாட், கோல்ட் என்ற இரண்டு வயர்களும் மாறியிருந்தாலும் கோட் படிக்கப்படும். டேப் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், ஓரளவு வரைக்கும், படிக்கப்படும்.

சிங்க் வார்த்தையில் இன்னொரு சாமர்த்தியம். இரண்டு 0, பிறகு தொடர்ந்து பன்னிரண்டு 1, பிறகு 0, 1. நேர எண்கள் இருக்கும் இடங்களில் இப்படிப் பன்னிரண்டு 1 வரிசையாக வரவே வழியில்லை. அதனால் ஃப்ரேம் எங்கே முடிகிறது என்பதை ரீடர் தவறவிடாது. வரிசை திரும்பி வந்தால், அதாவது 1, 0 முதலிலும் இரண்டு 0 கடைசியிலும் வந்தால், டேப் பின்னோக்கி ஓடுகிறது என்றும் தெரிந்துவிடும்.

ஆனால் இவ்வளவு நல்ல கோடுக்கு ஒரு பலவீனம் உண்டு. டேப் நின்றால் சிக்னல் இல்லை, சிக்னல் இல்லையென்றால் எண்ணும் இல்லை. படத்தின் மேல்வரிக் கோடுகளுக்குள் நேரத்தை ஒளித்து எழுதிய விஐடிசி என்ற இன்னொரு முறை வந்ததற்கு அதுதான் காரணம். வீடியோ டெக்கை பாஸில் (pause) வைத்தாலும் அது படிக்கும்.

எல்டிசியை ஆடியோ கேபிளில் அனுப்புவதால் அதை ஆடியோவாகவே நடத்திவிடுவது வழக்கமான தவறு. கம்ப்ரஸர், நாய்ஸ் ரிடக்‌ஷன், கேமராவின் ஆட்டோ கெயின் எதுவும் அதன்மேல் படக்கூடாது. சின்ன கேமராக்களின் மைக் இன்புட்டில் லைன் அளவு சிக்னலைச் செருகினால் தலை வெட்டுப்பட்டு, பக்கத்துச் சேனலுக்கும் கசியும். அட்டென்யுவேஷன் உள்ள, அதாவது சிக்னலின் அளவைக் குறைக்கும், கேபிள் போட வேண்டும். டேப்பிலிருந்து டேப்புக்குக் கோடை அப்படியே காப்பி எடுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் ஓரங்கள் மழுங்கும். அதனால் படித்து, புதிதாக உற்பத்தி செய்து எழுதுவார்கள். அதை ஜாம் சிங்க் என்பார்கள்.

எண் ஒன்றுதான், வேகம் வேறு

இந்தியத் தொலைக்காட்சி செகண்டுக்கு 25 ஃப்ரேம், சினிமா 24. இத்தோடு நின்றிருந்தால் நமக்கு வாழ்க்கை எளிது. அமெரிக்காவில் கலர் டிவி வந்தபோது 30 என்ற வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். சரியாகச் சொன்னால் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. ஆனால் கோட் இன்னும் 30 வரைதான் எண்ணுகிறது. அதனால் கோடில் ஒரு மணி நேரம் ஆனபோது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரமும் 3.6 செகண்டும் ஆகியிருக்கும்.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் டிராப் ஃப்ரேம். பெயரைப் பார்த்துப் படத்தில் ஃப்ரேம் காணாமல் போகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போவது எண் மட்டும். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள், பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்ட மாட்டார்கள். மணிக்கு 108 எண்கள் போகும். 108 ஃப்ரேம் என்பது ஏறக்குறைய அந்த 3.6 செகண்ட்தான்.

சென்னையில் வேலை செய்பவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கேமராவின் மெனுவில் 24 என்று போட்டிருக்கும், உள்ளே அது 23.976 ஆக இருக்கும். அமெரிக்க ஓடிடிக்குப் போகும் வேலைகளில் 23.976 கேட்பதுண்டு. படத்தொகுப்பாளர் 24-இல் வெட்டியதை யாரோ 25-இல் எக்ஸ்போர்ட் செய்து ரீ-ரெக்கார்டிங்குக்கு அனுப்புவார்கள். எண்ணைப் பார்த்தால் எல்லாமே மணி, நிமிடம், செகண்ட், ஃப்ரேம்தான். பின்னாலுள்ள வேகம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

ஒலியைச் செகண்டுக்கு 48,000 சாம்பிளாக வெட்டும் 48 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் வித்தியாசம் கையில் பிடிபடும். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்கு 1920 சாம்பிள். 24-இல் 2000. 23.976-இல் 2002. 29.97-இல் 1601.6, அதாவது முழு எண்ணே வராது, ஐந்து ஃப்ரேம் சேர்ந்தால்தான் 8008 என்று சமன் ஆகும்.

எம்டிசி: துண்டு துண்டாக வரும் நேரம்

கம்ப்யூட்டருக்குள் டைம்கோடைக் கொண்டுபோக 1987-இல், இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மிடி தரத்தில் எம்டிசி (மிடி டைம்கோட்) சேர்க்கப்பட்டது. மிடி கேபிளின் வேகம் செகண்டுக்கு 31,250 பிட்தான், அதில் நோட்டுகளும் போக வேண்டும். எனவே முழு நேரத்தையும் ஒரே மூச்சில் சொல்லாமல் எட்டுத் துண்டாக்கி, ஃப்ரேமுக்கு நான்கு துண்டு வீதம் அனுப்புகிறார்கள். எட்டுத் துண்டும் வந்து சேர்ந்து ஒரு முழு நேரம் தெரிய இரண்டு ஃப்ரேம் ஆகும். அதற்குள் அந்த நேரம் பழசாகியிருக்கும். வாங்குகிற சாஃப்ட்வேர் இரண்டு ஃப்ரேம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒழுங்கான சாஃப்ட்வேர் கூட்டிக்கொள்ளும். இரண்டு கருவிகளுக்கு இடையில் எப்போதும் மாறாத இரண்டு ஃப்ரேம் பிசகு தெரிந்தால் முதலில் இங்கேதான் கைவைக்க வேண்டும்.

எம்டிசியில் ஃப்ரேம் வேகத்தைச் சொல்ல இரண்டே பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு தேர்வுகள்: 24, 25, 30 டிராப், 30 நான்-டிராப். 23.976-க்கு இடமே இல்லை. 29.97 நான்-டிராப்பும் 30-உம் ஒரே குறியில் வரும். ஆகவே எம்டிசி 24 என்று சொல்லும்போது உள்ளே 23.976 ஓடுகிறதா என்று சாஃப்ட்வேருக்கே தெரியாது. ப்ராஜெக்ட் செட்டிங்கில் நாம்தான் சொல்ல வேண்டும்.

எம்டிசியின் ஒரு துண்டு 25 ஃப்ரேமில் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வருகிறது. யுஎஸ்பி மிடி கருவிகள் அதில் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் முன்பின் தள்ளாட்டம் சேர்க்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லி செகண்ட் என்பது 48 சாம்பிள். சாம்பிளுக்குச் சாம்பிள் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. ஒரு இடத்தில் ஓட ஆரம்பி என்று சொல்வதற்கு மட்டும் தாராளமாகப் போதும்.

சாஃப்ட்வேர் எப்படித் துரத்துகிறது

புரோ டூல்ஸில் ஆன்லைன் பட்டனை அழுத்தினாலும், க்யூபேஸில் எக்ஸ்டெர்னல் சிங்க் போட்டாலும், ரீப்பரில் பிளே பட்டனை ரைட் கிளிக் செய்து வெளி டைம்கோட் அமைப்பைத் திறந்தாலும் நடப்பது ஒன்றுதான். சாஃப்ட்வேர் கோடுக்காகக் காத்திருக்கும். கோட் வந்ததும் சில ஃப்ரேம் தொடர்ச்சியாகச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். ப்ராஜெக்டின் தொடக்க நேரத்தைக் கழித்து, டைம்லைனில் எந்த இடம் என்று கண்டுபிடித்து ஓட ஆரம்பிக்கும். ரீப்பரும் ஆர்டரும் (Ardour) எல்டிசியை ஆடியோ இன்புட் வழியே நேராகப் படிக்கும், தனிக் கன்வெர்ட்டர் பெட்டி தேவையில்லை.

கோட் நடுவில் அறுந்தால் எவ்வளவு நேரம் தன்பாட்டுக்கு ஓட வேண்டும் என்பதற்கு ஃப்ரீவீல் அமைப்பு உண்டு. க்யூபேஸில் டிராப்-அவுட் டைம், லாக் டைம் என்று இரண்டு எண்களாக இருக்கும். பழைய டேப்பாக இருந்தால் இரண்டையும் கொஞ்சம் தாராளமாக வைப்பது நல்லது.

இதுவரை சரி. ஓட ஆரம்பித்த பிறகு என்ன என்பதில்தான் சிக்கல். சாஃப்ட்வேர் எந்த வேகத்தில் ஓடும்? ஆடியோ இன்டர்ஃபேஸின் கிளாக் தரும் வேகத்தில். அந்த கிளாக் ஒரு கிரிஸ்டல். கேமராவிலும் ஒரு கிரிஸ்டல். சாதாரணக் கிரிஸ்டல்கள் பத்து லட்சத்துக்கு 20, 30 பங்கு விலகுவது இயல்பு. இரண்டுக்கும் இடையில் வெறும் 15 பங்கு வித்தியாசம் என்று வைத்தால்கூட, 9000 செகண்ட் கச்சேரியின் முடிவில் 135 மில்லி செகண்ட். 25 ஃப்ரேமில் மூன்று ஃப்ரேமுக்கு மேல். ஒலி படத்தை முந்தினால் 45 மில்லி செகண்டிலும், பிந்தினால் 125 மில்லி செகண்டிலும் பார்ப்பவர் கண்டுகொள்வார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை ஒன்று சொல்கிறது. வர்ணத்தில் பொருந்தி மங்களத்தில் பிசகியதற்கு இவ்வளவுதான் காரணம்.

"சாஃப்ட்வேர் தொடர்ந்து கோடைப் பார்த்துத் திருத்திக்கொள்ளாதா?" திருத்திக்கொள்ளும், பிளேபேக்கில். சில சாஃப்ட்வேர்கள் விலகல் ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று குதித்துப் பிடிக்கும், நீண்ட ஸ்வரத்தின் நடுவில் குதித்தால் 'டிக்' என்று கேட்கும். ஆர்டர் போன்றவை வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பின்தொடரும், கோட் தள்ளாடினால் ஸ்ருதியும் தள்ளாடும். இரண்டுமே எனக்குப் பிடித்தமில்லை.

ரெக்கார்டிங்கில் அதுவும் இல்லை. மைக்கிலிருந்து வரும் ஒலியைச் சாம்பிளாக வெட்டுவது கன்வெர்ட்டர். அது தன் கிரிஸ்டலின் தாளத்துக்குத்தான் வெட்டும். வெட்டிய பிறகு வரும் எண்களைச் சாஃப்ட்வேர் வரிசையாக டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவே. எனவே டைம்கோட் போட்டு ரெக்கார்ட் செய்த நீளமான டேக்கின் தொடக்க முத்திரை சரியாக இருக்கும், முடிவு தவறாக இருக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் ஈபியூ 1997-இல் கொண்டுவந்த பிராட்காஸ்ட் வேவ் ஃபைலில்கூட எழுதப்படுவது ஒரே ஒரு எண்தான்: நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சாம்பிளில் இந்த ஃபைல் தொடங்கியது என்பது. முடிவைப் பற்றி அது வாயைத் திறக்காது.

வழி என்ன? எல்லாக் கருவிகளையும் ஒரே கிளாக்கில் கட்டுவது. வேர்ட் கிளாக் என்பது சாம்பிள் ஒன்றுக்கு ஒரு துடிப்பு வீதம் 75 ஓம் கேபிளில் ஓடும் சதுர அலை. கடைசிக் கருவியில் டெர்மினேஷன் போட மறந்தால் அலை எதிரொலித்து, எப்போதாவது ஒரு கிளிக் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஒரு நாள் போய்விடும். வீடியோ பக்கத்துக்கு அதே வேலையைச் செய்வது பிளாக் பர்ஸ்ட் அல்லது ட்ரை-லெவல் சிக்னல். சிங்க் ஜெனரேட்டர் பெட்டி ஒன்று டைம்கோட், வேர்ட் கிளாக், வீடியோ ரெஃபரன்ஸ் மூன்றையும் ஒரே கிரிஸ்டலிலிருந்து தந்தால், சாஃப்ட்வேர் தொடக்கத்தில் ஒருமுறை கோடைப் படித்து ஓட ஆரம்பித்தால் போதும். பிறகு திருத்துவதற்கு எதுவும் இருக்காது. டைம்கோடைத் தொடக்க சமிக்ஞையாக மட்டும் வைத்து, வேகத்தை வேர்ட் கிளாக்கிடம் விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கேமராவில் வேர்ட் கிளாக் இன்புட் இருக்காது, கல்யாண வீடியோ கேமராவில் ஜென்லாக்கும் (வெளி வீடியோ சிக்னலோடு பூட்டும் வசதி) இருக்காது. அங்கே உதவுவது துல்லியமான வெப்ப ஈடு செய்யப்பட்ட கிரிஸ்டல் உள்ள சிறு டைம்கோட் பெட்டிகள். காலையில் ஒன்றோடொன்று ஜாம் செய்து, நேரத்தை ஒன்றாக்கிவிட்டால் நாள் முழுக்க ஒரு ஃப்ரேமுக்குள் நிற்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் பெட்டி துல்லியமாக இருப்பதால் கேமரா துல்லியமாகிவிடாது. கேமராவின் ஆடியோ சேனலில் எல்டிசி ஓடிக்கொண்டே இருந்தால், நீண்ட கிளிப்பை எடிட்டில் நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தின் கோடைப் படித்து மீண்டும் நிறுத்தலாம். அதுதான் அதன் உண்மையான லாபம். கேமராவைப் பாட்டுக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலே பாதிச் சிக்கல் தீரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

டேப்பிலிருந்து டிஸ்க்குக்கு

கோடையும் கிளாக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் மிகத் தெளிவாகத் தெரிவது பழைய மல்டிட்ராக் டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும்போது. ஸ்டூடர் போன்ற 24 ட்ராக் மெஷின்களில் கடைசி ட்ராக்கில் எல்டிசி எழுதியிருப்பார்கள். ஓரத்தில் இருந்தால் ஒரு பக்கம்தான் கசியும் என்பதால் அந்த இடம். அப்படியும் 23-ஆம் ட்ராக்கைக் காலியாக விடுவார்கள், அல்லது கசிவு கேட்காத சத்தமான கருவி எதையாவது அங்கே போடுவார்கள். கோடின் அளவையும் இசையைவிடக் குறைவாகவே வைப்பார்கள்.

கோட் பெரும்பாலும் நள்ளிரவு பூஜ்ஜியத்தில் தொடங்காது, 01 அல்லது 10 மணியில் தொடங்கும். காரணம் முன்னோட்டம். டேப் மெஷின் ஓடி நிலைக்கு வரச் சில செகண்ட் வேண்டும். பூஜ்ஜியத்தில் பாட்டு ஆரம்பித்தால் அதற்கு ஐந்து செகண்ட் முன்பு என்பது 23 மணி 59 நிமிடம் 55 செகண்ட். நாளின் கடைசிக்குப் போய்விட்ட அந்த எண்ணைப் பார்த்துச் சின்க்ரனைசர் டேப்பை இருபத்து நான்கு மணி நேரம் சுற்றத் தயாராகிவிடும்.

டேப்பின் வேகம் ஒருபோதும் நிலையாக இருக்காது. அது ஓட, கன்வெர்ட்டர் தன் கிரிஸ்டலில் சுதந்திரமாக ஓடினால், அதே டேப்பை இரண்டு முறை ஓட்டி ரெக்கார்ட் செய்தால் இரண்டும் வெவ்வேறு நீளத்தில் வரும். 24 ட்ராக்கையும் ஒரே ஓட்டத்தில் எடுக்குமளவு இன்புட் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. எல்லா ட்ராக்கும் சேர்ந்தே தள்ளாடும், ஒன்றுக்கொன்று மாறாது. 16 இன்புட்தான் இருக்கிறது, இரண்டு ஓட்டம் ஓட்ட வேண்டும் என்றால்தான் சிங்க் தேவை.

அதற்கு இரண்டு வழி. சின்க்ரனைசர் டேப்பின் கோடைப் படித்து, வெளி ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டாரைத் திருத்திக்கொண்டே இருக்கும். டேப் கன்வெர்ட்டரின் பின்னால் வரும். அல்லது டேப்பை அதன் போக்கில் விட்டு, கோடிலிருந்தே வேர்ட் கிளாக்கை உருவாக்கிக் கன்வெர்ட்டருக்குக் கொடுப்பது. டேப் இழுபட்டால் கன்வெர்ட்டரும் மெதுவாக வெட்டும், ஃப்ரேமுக்கு 1920 சாம்பிள் என்ற கணக்கு குலையாது. கோடிலிருந்து கறந்த கிளாக் சுத்தமாக இருக்காது என்பது உண்மை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் இரண்டு ஓட்டங்களுக்கிடையே சாம்பிள் அளவுக்குப் பொருத்தம் வராது. டிரம்ஸின் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளை வெவ்வேறு ஓட்டத்தில் எடுத்தால் ஃபேஸ் அலையும், சிம்பல் சத்தம் உள்ளே போய்ப் போய் வரும். ஒன்றோடொன்று சம்பந்தப்பட்ட ட்ராக்குகளை ஒரே ஓட்டத்தில் சேர்த்து எடுப்பது எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாத முன்யோசனை.

பிசகின் அளவே காரணத்தைச் சொல்லும்

சிங்க் போய்விட்டது என்றதும் செட்டிங்குகளைத் திருகிப் பார்க்கும் முன் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிசகென்றால் கிளாக்கில் கோளாறு இல்லை. தொடக்க நேரம், எம்டிசியின் அந்த இரண்டு ஃப்ரேம், மானிட்டர் டிவியின் தாமதம் என்று அந்தத் திசையில் தேடலாம்.

மணிக்கு 3.6 செகண்ட் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 23.976-உம் 24-உம், அல்லது 29.97-உம் 30-உம் எங்கோ குழம்பியிருக்கின்றன. ஸ்ருதியை வைத்து இதைக் கண்டுபிடிக்க நினைக்க வேண்டாம், ஒரு செமிடோனில் அறுபதில் ஒரு பங்குதான் மாறியிருக்கும். மணிக்கு இரண்டரை நிமிடம் ஒட்டிப் போயிருந்தால் 24, 25 குழப்பம். அங்கே ஸ்ருதியும் முக்கால் செமிடோன் அளவுக்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் காதே சொல்லிவிடும். ஒன்றரை செமிடோன் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனை வெளியிலிருந்து 48-இல் கிளாக் செய்திருக்கிறார்கள். மணிக்குச் சில பத்து மில்லி செகண்ட், ஒரே சீராக வளர்ந்துகொண்டே போனால், அது நாம் பேசிய சுதந்திரக் கிரிஸ்டல்கள். சீராகவே வளராமல் முன்பின் அலைந்தால் டேப் அல்லது செல்போன் வீடியோ. போன்கள் பலவும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே போகும். அதை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாமல் சிங்க் பற்றிப் பேசுவதே வீண். நேரம் சரியாக இருந்து அவ்வப்போது கிளிக் மட்டும் வந்தால், டிஜிட்டலாக இணைத்த இரண்டு கருவிகளும் தன்னையே மாஸ்டராக நினைத்துக்கொண்டிருக்கின்றன.

மேடை நிகழ்ச்சிகளில் நிலைமை சற்று வேறு. லேப்டாப்பிலிருந்து பேக்கிங் ட்ராக் ஓடும், அதே செஷனில் ஒரு தனி அவுட்புட்டில் எல்டிசி ஓடும். அதைப் பார்த்து லைட் கன்சோலும் எல்இடி திரை சர்வரும் தங்கள் க்யூக்களை எடுத்துக்கொள்ளும். லைட்டுக்கு ஒரு ஃப்ரேம் முன்பின் ஆனால் யாருக்கும் தெரியாது, சாம்பிள் துல்லியம் வேண்டாம். இங்கே டைம்கோட் மட்டும் போதுமானது. கவனிக்க வேண்டியது வேறு: பாடகர் பல்லவியை இன்னொருமுறை பாட விரும்பி ஆபரேட்டர் லூப் போட்டால் கோடும் பின்னால் குதிக்கும், லைட்டும் கூடவே குதிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு மணி எண் கொடுத்து, முதல் பாட்டு 01, இரண்டாவது 02 என்று பிரித்து வைத்தால் பாட்டு வரிசை கடைசி நிமிடத்தில் மாறினாலும் தாங்கும். அப்புறம், அந்த அவுட்புட் தவறிக்கூட பிஏ ஸ்பீக்கருக்குப் போகாமல் பேட்ச் செய்திருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்டுடியோக்களிலும் ஒளிபரப்பிலும் நெட்வொர்க் கேபிளே எல்லாவற்றையும் சுமக்கிறது. ஐஈஈஈ 1588 என்ற பிடிபி முறையில் ஒரு மாஸ்டர் கடிகாரம் நெட்வொர்க் முழுக்க நேரத்தை விநியோகிக்கிறது. நெட்வொர்க் வழியே ஒலியை அனுப்பும் டான்டேயும் ஏஈஎஸ்67-உம் தங்கள் சாம்பிள் கிளாக்கை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. 2015-இல் வந்த எஸ்எம்பிடிஈ 2059 தரம், அதே பிடிபி நேரத்திலிருந்து டைம்கோடையும் கணக்கிட்டுக்கொள்ள வழி செய்தது. இடமும் வேகமும் ஒரே மூலத்திலிருந்து வர இந்தத் துறைக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அரங்கின் மூன்று கேமராக்களில் அந்த வசதி எதிலும் இல்லை என்றால் ரெக்கார்டிங்கை மாஸ்டராக வைத்துக்கொண்டு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மிருதங்க அடியை அடையாளம் பிடித்து, விகிதத்தைக் கணக்கிட்டுப் படத்தின் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் மூன்று ஃப்ரேம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆடியோவை இழுத்தால் தம்புராவில் தெரியும்.